குருவி தலையில் பனங்காய்

“தாத்தாவின் பழைய பத்மினி கார் வீட்டில் சும்மா நிற்கிறது. அதில் ஜீப்பின் டீசல் எஞ்சினைப் பூட்டிவிட்டால் என்ன? எண்ணெய்ச் செலவும் குறையும். மலைப்பாதையில் இழுவையும் கிடைக்கும்!” சென்ற விடுமுறையில் என் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பழைய எஞ்சின் ஒன்றுக்கு விலையும் பேசி வைத்திருந்தார். பட்டறை மேஸ்திரியிடம் போய் யோசனை கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: “பூட்டிக் கொடுத்துவிடலாம் தம்பி. ஓடவும் ஓடும். நிற்குமா, திரும்புமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.”

மேஸ்திரி இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் நாம் மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் படிக்கும் நிலைமம், திருப்புத்திறன், இயக்க ஆற்றல் ஆகிய எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கின்றன. இலேசான ஒரு காரில் கனமான எஞ்சினைப் பூட்டினால் என்ன நேரும்? இக்கேள்விக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய தொழிற்சாலைகளே இலட்சக்கணக்கான பணத்தைச் செலவிட்டு விடை கண்டிருக்கின்றன. சில வென்றன, சில தோற்றன. அந்த வெற்றி தோல்விகளின் காரணத்தை இக்கட்டுரையில் காண்போம்.

ஆசை பிறந்த கதை

ஒரு காரின் விறுவிறுப்பு எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பொறுத்ததன்று. அந்தத் திறன் எத்தனை கிலோகிராம் எடையை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்ற நியூட்டனின் விதிதான் இதற்கு அடிப்படை. ஆகவே முடுக்கத்தைக் கூட்ட இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று விசையைக் கூட்டுவது. மற்றது நிறையைக் குறைப்பது.

இங்கிலாந்துக்காரர்கள் இரண்டாம் வழியில் தேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அந்நாட்டில் கார் வரியை எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். பெரிய எஞ்சின் வைத்திருந்தால் பெரிய வரி! எனவே அவர்கள் சிறிய எஞ்சின்களையே செய்து பழகினார்கள். போருக்குப் பின்னரும் அப்பழக்கம் நீடித்தது. அவர்களுடைய விளையாட்டுக் கார்கள் சிறியவை, இலேசானவை, வளைவுகளில் பாம்புபோல் நெளிந்து செல்பவை. நேரான சாலையில் மட்டும் சற்றே மூச்சு வாங்கும்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே பெட்ரோல் மலிவு, சாலைகள் நீண்டவை. ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிலிண்டர்களை அமைத்த ‘வி-8’ எஞ்சின்கள் அங்கே சாதாரணக் குடும்பக் கார்களிலும் இருந்தன. அந்த எஞ்சினை எடுத்து இந்தக் காரில் வைத்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் எழுந்தது. அதை உலகறியச் செய்தவர் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த காரல் ஷெல்பி.

எட்டு மணி நேரத்தில் ஒரு திருமணம்

ஷெல்பி ஒரு பந்தய வீரர். 1959-இல் பிரான்சு நாட்டின் லெமான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில், ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரை ஓட்டி வென்றவர். இதய நோயால் 1960-இல் பந்தயத்தை விட்டு விலகினார். ஓட்ட முடியாதவர் காரை உருவாக்கலாம் அல்லவா?

அக்காலத்தில் இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் ஏ.சி. கார்ஸ் என்ற பழம்பெரும் நிறுவனம் ‘ஏஸ்’ என்ற அழகிய சிறு காரைச் செய்துவந்தது. 1953-இல் அறிமுகமான கார் அது. இரண்டு உருண்டை எஃகுக் குழாய்களை ஏணிபோல் இணைத்த சேசிஸ்; அதன்மேல் அலுமினிய உடல். அதில் பூட்டப்பட்டு வந்த பிரிஸ்டல் நிறுவனத்தின் 2 லிட்டர் எஞ்சின் 1961-இல் நின்றுபோகும் நிலை வந்தது. கார் இருக்கிறது, எஞ்சின் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஷெல்பி அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். வி-8 எஞ்சின் ஏற்கும்படி காரை மாற்றித் தர முடியுமா என்பதே கடிதத்தின் சாரம்.

ஃபோர்டு நிறுவனம் அப்போதுதான் ஒரு புதிய வி-8 எஞ்சினைக் கொண்டுவந்திருந்தது. 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத ஒரு கார் இங்கிலாந்திலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்து சேர்ந்தது. ஷெல்பியும் நண்பர்களும் ஒரு பட்டறையில் எட்டு மணி நேரத்துக்குள் அதில் ஃபோர்டு எஞ்சினைப் பூட்டி ஓட்டியும் பார்த்துவிட்டார்கள். ‘கோப்ரா’ என்ற நாகம் பிறந்தது. எடை சுமார் 920 கிலோ. ஆற்றல் சுமார் 260 குதிரைத்திறன். பழைய எஞ்சினைவிட ஏறத்தாழ இரு மடங்கு!

எட்டு மணி நேரத்தில் முடிந்ததே, பிறகென்ன கடினம் என்று கேட்கத் தோன்றும். இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த ஃபோர்டு எஞ்சின் இரும்பாலானதே எனினும் அக்காலத்து வி-8 எஞ்சின்களைப் போலக் கனமானதன்று. வார்ப்பு அச்சுகளை மிகத் துல்லியமாகச் செய்து, சிலிண்டர் சுவர்களை மெல்லியனவாக வார்க்கும் புதிய முறையில் அது உருவானது. அதன் எடை சுமார் 210 கிலோதான். இரண்டாவது, அந்தக் கார் வெறுமனே எஞ்சினைக் கழற்றிய கூடாக வரவில்லை. பின்னச்சின் டிஃபரன்ஷியலை வலிமையானதாக மாற்றிய பிறகே ஏ.சி. நிறுவனம் அதை அனுப்பியிருந்தது. அதாவது, எஞ்சின் பூட்ட எட்டு மணி நேரம். காரை அதற்குத் தயாராக்கப் பல மாதங்கள். நாம் முதற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம்.

எடை எங்கே அமர்கிறது?

இனி ஒரு தோல்வியைப் பார்ப்போம். அதற்கு முன் சிறிது கணக்கு. கலைப் பிரிவு நண்பர்கள் அஞ்ச வேண்டாம். பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்குத்தான்.

இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனம் 1962 முதல் 1980 வரை செய்த ‘எம்.ஜி.பி.’ என்ற காரில் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 231 சென்டிமீட்டர் தூரம். இதில் 95 கிலோ எடையைக் கூடுதலாக வைக்கிறோம் என்று கொள்வோம். அந்த எடை முன் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் பின்னால் அமர்ந்தால், முன்சக்கரங்கள் தாங்கும் பங்கு 95-ஐ 211-ஆல் பெருக்கி 231-ஆல் வகுத்தது. ஏறத்தாழ 87 கிலோ. பின்சக்கரங்களுக்கு எஞ்சியது 8 கிலோதான். அதே 95 கிலோவை இரு அச்சுகளுக்கும் நட்டநடுவில் வைத்திருந்தால் இரண்டும் சரிபாதியாகச் சுமந்திருக்கும். எடை ஒன்றே, இடம் வேறு, விளைவும் வேறு.

முன்சக்கரங்களில் சுமை கூடினால் என்ன கெடுதி? சுமை கூடினால் உராய்வும் கூடுமே, பிடிப்பு நன்றாகத்தானே இருக்கும் என்று சிலர் கேட்கலாம். உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். ஆனால் காற்றடைத்த ரப்பர் டயர் இவ்விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. சுமையை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. ஆனால் வளைவில் அந்தச் சுமையைத் திருப்புவதற்கு வேண்டிய விசையோ சரியாக இரட்டிக்கிறது. வரவு குறைவு, செலவு அதிகம்! எனவே முன்டயர்கள் திருப்பிய பக்கம் முழுதும் போகாமல் வெளிப்புறமாக வழுக்கிச் செல்ல முயல்கின்றன. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புகிறார். கார் இன்னும் நேராகவே போகப் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளைச் சுழற்றுவது எளிதா கடினமா என்பதை அதன் நிலைமத் திருப்புத்திறன் தீர்மானிக்கிறது. நிறையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். காரின் மூக்கில் வைத்த எடையைப் பாதித் தூரம் உள்ளே தள்ளினால் அதன் பங்கு நான்கில் ஒன்றாகிவிடும். நடுவில் கனத்த உலக்கையைக் கையில் பிடித்துத் திருப்புவது எளிது. நுனியில் கல்லைக் கட்டிய உலக்கையைத் திருப்பிப் பாருங்கள், புரியும்.

மூக்குக் கனத்த கார்

மேலே சொன்ன 95 கிலோ நான் கற்பனை செய்த எண் அன்று. எம்.ஜி. நிறுவனம் 1967-இல் எம்.ஜி.பி. காரின் 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 2,912 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டி ‘எம்.ஜி.சி.’ என்று பெயரிட்டது. ஆற்றல் 95 குதிரைத்திறனிலிருந்து 145 ஆக உயர்ந்தது. ஆனால் புதிய எஞ்சின் முழுதும் இரும்பு. பழையதைவிட ஏறத்தாழ 95 கிலோ கனம் மிகுந்தது. நான்கு சிலிண்டர் இருந்த இடத்தில் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்க வேண்டியதால் நீளமும் கூடியது.

நிறுவனத்துப் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். இயன்றதையெல்லாம் செய்தார்கள். எஞ்சினுக்கு இடமில்லாமல் போகவே முன்பக்கச் சுருள்வில் அமைப்பையே எடுத்துவிட்டு, முறுக்கினால் எதிர்த்துத் திரும்பும் நீண்ட எஃகுத் தண்டுகளை வில்லாகப் பயன்படுத்தினார்கள். 14 அங்குலச் சக்கரங்கள் 15 அங்குலமாயின. பானட் மூட முடியாமல் அதன்மேல் ஒரு புடைப்பு வைத்தார்கள். கார்புரேட்டருக்கு இடம் போதாமல் அப்புடைப்பின்மேல் கண்ணீர்த் துளிபோல் இன்னொரு சிறு புடைப்பும் வைத்தார்கள். முன்பாரத்தால் ஸ்டீயரிங் கனக்குமே என்று பல்விகிதத்தை மாற்றினார்கள். ஸ்டீயரிங் இலேசானது, ஆனால் அதிகம் சுற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவும் செய்து என்ன? நேர்ச்சாலையில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் பறந்த கார், வளைவுகளில் பழைய காரின் துள்ளலை இழந்துவிட்டது. பத்திரிகைகள் குறை கூறின. ஏறத்தாழ 9,000 கார்களோடு 1969-இல் உற்பத்தி முடிவுக்கு வந்தது. அதன் மூலக் காரான எம்.ஜி.பி.யோ 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. ஐம்பது குதிரைத்திறனைக் கூட்டிப் பெற்ற பரிசு இது!

பெரிது, ஆனால் கனமன்று

இக்கதையின் இரண்டாம் பாகம் இன்னும் சுவையானது. அதே எம்.ஜி.பி. காரில் அதைவிடப் பெரிய எஞ்சினைப் பூட்டி வெற்றி கண்டவர்களும் உண்டு.

அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1961-ஆம் ஆண்டுக் கார்களுக்கென்று 3.5 லிட்டர் வி-8 எஞ்சின் ஒன்றைச் செய்தது. அதன் உடலும் தலைப்பகுதியும் அலுமினியம். எடை சுமார் 145 கிலோதான். அலுமினிய வார்ப்பில் செலவும் தொல்லையும் மிகுந்ததால், மெல்லிய சுவர் இரும்பு எஞ்சின்கள் வந்ததும் 1963-ஆம் ஆண்டுக் கார்களோடு அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1965-இல் அதன் உரிமையை வாங்கிக்கொண்டது. ஒருவர் வேண்டாமென்று எறிந்தது மற்றவர் வீட்டில் நாற்பது ஆண்டு உழைத்தது!

கென் காஸ்டெல்லோ என்ற பந்தய வீரர் இந்த எஞ்சினை எம்.ஜி.பி. காரில் பூட்டித் தாமே விற்கத் தொடங்கினார். அதைக் கண்ட பிறகு 1973-இல் நிறுவனமே ‘எம்.ஜி.பி. ஜி.டி. வி-8’ என்ற காரைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 3,528 கன சென்டிமீட்டர். பழைய எஞ்சினைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் எடையோ பழைய இரும்பு எஞ்சினை ஒத்ததே. மேலும் வி-8 என்பதால் நீளம் குறைவு. எடை முன் அச்சுக்குப் பின்னால் ஒதுங்கி அமர்ந்தது. சுருள்வில் அமைப்பைப் பெயர்த்தெடுக்க வேண்டிய தேவையும் இல்லை. பானட்டில் புடைப்பும் இல்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். எம்.ஜி.சி.யின் ஆற்றல் 145 குதிரைத்திறன். வி-8 காரின் ஆற்றல் 137. குறைந்த ஆற்றல் உடையதே சிறந்த காராயிற்று! அது பிறந்த சில வாரங்களிலேயே 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்து சேர்ந்தது, விலையும் அதிகம், ஆகவே 1976-க்குள் 2,591 கார்களே வெளிவந்தன. ஆனால் கார் ஓடும் விதத்தைப் பற்றிய குறை அதற்குக் காரணமன்று. 1993-இல் ரோவர் நிறுவனம் அதே உடலையும் அந்த எஞ்சினின் பெரிய வடிவத்தையும் சேர்த்து ‘ஆர்.வி.8’ என்று மீண்டும் கொண்டுவந்ததே இதற்குச் சான்று.

சங்கிலியின் பலம்

எடை ஒரு பக்கம் இருக்கட்டும். எஞ்சின் இலேசாகவே அமைந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. எஞ்சினிலிருந்து கிளம்பும் முறுக்கு விசை கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் தண்டு, டிஃபரன்ஷியல், அச்சுத் தண்டு, டயர் என்று கைமாறிக் கைமாறித் தரையை அடைகிறது. இவற்றுள் எது நோஞ்சானோ அது முதலில் உடையும். கோப்ராவின் டிஃபரன்ஷியலை முன்கூட்டியே மாற்றியதன் காரணம் இதுதான்.

அடுத்தது வெப்பம். எரியும் எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை. புகையோடும் தண்ணீரோடும் வெளியேறுகிறது. எஞ்சின் பெரிதானால் ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். ஆனால் பெரிய எஞ்சின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்வதால் ரேடியேட்டருக்கு இடம் சுருங்குகிறது! எம்.ஜி. வி-8 காரில் ரேடியேட்டரை முன்னால் தள்ளி, இரண்டு மின்விசிறிகளை வைத்துச் சமாளித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது பிரேக். மேஸ்திரி கேட்ட “நிற்குமா?” என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ஓடும் காரின் இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. 1,000 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்போம். கனமான எஞ்சின் பூட்டியதும் எடை 1,100 கிலோ ஆகிறது. வேகம் 190 ஆகிறது. எடை நூற்றுக்குப் பத்துத்தான் கூடியது. வேகம் நூற்றுக்குப் பத்தொன்பதுதான் கூடியது. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பமோ நூற்றுக்கு ஐம்பத்தைந்து கூடிவிடுகிறது! பழைய பிரேக் முதல் தடவை நிறுத்திவிடும். மலையிறக்கத்தில் மூன்றாம் தடவை, நான்காம் தடவை மிதிக்கும்போது சூடேறி வழுக்கும். விபத்து என்பது எஞ்சின் அறையில் தொடங்குவதில்லை. பிரேக் டிரம்மில் தொடங்குகிறது.

ஸ்பிரிங்கும் அவ்வாறே. ஒரு முன்சக்கரத்தின் மேல் 200 கிலோ இருந்த இடத்தில் 243 கிலோ அமர்ந்தால், வில் இன்னும் அமுங்கும், மூக்கு தாழும். அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், கார் குலுங்கும் வேகமும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் குறைகிறது. முன்புறம் ஒரு தாளத்திலும் பின்புறம் ஒரு தாளத்திலும் ஆடும் கார் மேடு பள்ளத்தில் மேளத்துக்கும் நாதசுரத்துக்கும் ஒத்துவராத கச்சேரிபோல் ஆகிவிடும்.

புலியும் நாகமும்

இடமின்மை எவ்வளவு தொல்லை தரும் என்பதற்குச் ‘சன்பீம் டைகர்’ ஓர் எடுத்துக்காட்டு. ரூட்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தின் ‘ஆல்பைன்’ என்ற சாதுவான சிறு காரில், கோப்ராவில் இருந்த அதே வகை ஃபோர்டு 4.2 லிட்டர் எஞ்சினைப் பூட்டி 1964-இல் வெளியிட்டார்கள். முதல் மாதிரிகளுள் ஒன்றைச் செய்து கொடுத்தவரும் ஷெல்பிதான். ஆற்றல் 164 குதிரைத்திறன். பழைய ஸ்டீயரிங் பெட்டி எஞ்சினுக்கு வழிவிடாததால் பற்சட்ட முறை ஸ்டீயரிங்கை வைத்தார்கள். பின்னச்சு பக்கவாட்டில் ஆடாதிருக்க ஒரு குறுக்குக் கம்பி சேர்த்தார்கள். பின்னச்சின் பல்விகிதத்தை 2.88 ஆக்கினார்கள். எட்டுப் பிளக்குகளில் ஒன்றைக் கழற்ற எஞ்சின் அறையில் கையே நுழையாது. காருக்குள்ளிருந்து சுவரில் ஒரு துளையிட்டு அதன் வழியே கழற்ற வேண்டும்!

ஏறத்தாழ 7,000 டைகர்கள் வெளிவந்தன. 1967-இல் ரூட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. போட்டி நிறுவனமான ஃபோர்டின் எஞ்சினைத் தம் காரில் எப்படி விற்பது? தம்முடைய வி-8 எஞ்சினைப் பூட்டலாம் என்று பார்த்தார்கள். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்தது, இடம் போதவில்லை. ஒரு கையகலப் பொருளுக்கு இடமில்லாமல் புலி மறைந்தது.

நாகத்தின் கதையும் எப்போதும் வெற்றியாக இருந்ததன்று. கோப்ராவின் எஞ்சின் முதல் 75 கார்களில் 4.2 லிட்டர், பிறகு 4.7 லிட்டர். 1963-இல் அதற்கும் பற்சட்ட ஸ்டீயரிங் வந்தது. ஆசை அடங்கவில்லை. ஃபோர்டின் 7 லிட்டர் எஞ்சின் கண்ணில் பட்டது. அது மெல்லிய சுவர் எஞ்சின் அன்று, மிகக் கனமானது. ஷெல்பியின் குழுவைச் சேர்ந்த கென் மைல்ஸ் அதைப் பழைய சேசிஸிலேயே பூட்டி 1964-இல் ஃபுளோரிடாவின் செப்ரிங் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். பயிற்சி ஓட்டத்திலேயே கார் ஒரு மரத்தில் மோதிற்று. அவர் உயிர் பிழைத்தது நல்வினை.

பாடம் புரிந்தது. 1965-இல் வந்த 7 லிட்டர் கோப்ராவுக்குப் புதிய சேசிஸே செய்தார்கள். 3 அங்குலக் குழாய்கள் 4 அங்குலமாயின. குழாயின் சுவர்த் தடிமன் மாறாதென்று கொண்டால், முறுக்கைத் தாங்கும் விறைப்பு விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. மூன்று நான்கானால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. குறுக்கே கிடந்த பட்டைவில்களை எடுத்துவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில்கள் அமைத்தார்கள். பெயரும் உருவமும் பழையன. அடியில் இருந்ததோ வேறு கார். உண்மையில் அவர்கள் எஞ்சினை மாற்றவில்லை. எஞ்சினுக்காகக் காரை மாற்றினார்கள்.

இன்றும் அதே விதி

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்துவது இன்று பரவிவருகிறது. மோட்டார் இலேசு, பேட்டரி கனம். அதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. ஜாகுவார் நிறுவனம் 2017-இல் தன் புகழ்பெற்ற பழைய ‘ஈ-டைப்’ காரை மின்காராக மாற்றிக் காட்டியபோது, பேட்டரியைப் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினின் அளவிலும் ஏறத்தாழ அதன் எடையிலும் செய்து, அந்த எஞ்சின் இருந்த இடத்திலேயே வைத்தது. கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். எடைப் பங்கீடு மாறாததால் ஸ்பிரிங்கையோ பிரேக்கையோ மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எம்.ஜி.சி. கற்பித்த பாடத்தை இதைவிட நன்றாக ஒப்பித்தவர் இல்லை எனலாம்.

முடிவாக

இனி என் நண்பரின் பத்மினிக்கு வருவோம். அது ஃபியட் 1100 வகைக் கார். எடை சுமார் 900 கிலோ. எஞ்சின் 1,089 கன சென்டிமீட்டர். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அந்தச் சிறு எஞ்சினுக்கு அளந்து செய்யப்பட்ட ஸ்பிரிங், அந்த வேகத்துக்கு அளந்து செய்யப்பட்ட பிரேக். அதன் மூக்கில் ஜீப்பின் எஞ்சினை வைப்பது குருவி தலையில் பனங்காயை வைப்பதேயாகும். சட்டமும் இடந்தராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவை வெறும் அலுவலகக் கெடுபிடி என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. இந்தக் கணக்குகளைப் போட்ட பிறகு அவ்வாறு எண்ணுவதில்லை. அந்தக் காரில் பின்னிருக்கையில் உட்காரப்போவது நண்பரின் அம்மாவும் தங்கையும்.

ஒரு தாளில் 95 கிலோவையும் 231 சென்டிமீட்டரையும் எழுதி நண்பரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சின்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் பழைய எஞ்சினையே பிரித்துப் புது பிஸ்டனும் வளையங்களும் போட்டார். நான்கு பிரேக்குகளையும் புதுப்பித்தார். இப்போது கார் மெதுவாகத்தான் மலையேறுகிறது. ஆனால் இறங்கும்போது மிதித்த இடத்தில் நிற்கிறது.

ஆற்றலைக் கூட்டுவது எளிது. கூட்டிய ஆற்றலைத் தாங்கவும் திருப்பவும் நிறுத்தவும் மற்ற உறுப்புகளைத் தகுதியாக்குவதே கடினம். எஞ்சினை வாங்குமுன் பிரேக்கைப் பாருங்கள் நண்பர்களே! மேஸ்திரியின் ஒரு வரியை நான் இவ்வளவு நீளமாகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.